கம்பு எடுக்கலாமா? தோட்டத்துச் சிலம்ப வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சிலம்ப வகுப்பில், ஞாயிறு காலையில் பிள்ளைகள் கம்போடு வரிசையில் நிற்பதைப் பார்த்ததும், வேலியோரம் வந்து நின்று கேட்கிறார்கள். பெற்றோர் கேட்கிறார்கள், பாடசாலை ஆசிரியர்கள் கேட்கிறார்கள், கோயில் கமிட்டிக்காரர்கள் கேட்கிறார்கள். சில வேளை பிள்ளைகளே கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் மாஸ்டர் இல்லை. வகுப்பில் கூட நின்று சின்னப் பிள்ளைகளுக்குக் காலடி, அதாவது கால் எடுத்து வைக்கும் முறை, சொல்லிக் கொடுக்கிறவன். அதனால் சில பதில்கள் என் சொந்த அபிப்பிராயம்தான்.

இந்தக் காலத்தில் யாரோடு சண்டை போடப் போகிறோம் என்று இதைப் பழக வேண்டும்?

யாரோடும் இல்லை. துப்பாக்கி வந்த அன்றே போர்க்களத்தில் கம்புக்கு வேலை முடிந்துவிட்டது. இன்று பழகுகிறவர்களில் பெரும்பாலானோர் ஆயுள் முழுக்க ஒருவரையும் அடிக்கப் போவதில்லை. அதுதான் நல்லதும்கூட.

பிறகு ஏன் பழக வேண்டும்? ஒரு தோட்டத்துப் பிள்ளையின் நாளை எடுத்துப் பாருங்கள். பாடசாலையில் உட்கார்ந்திருக்கிறது, கிளாஸில் உட்கார்ந்திருக்கிறது, வீட்டுக்கு வந்து போனோடு உட்கார்ந்திருக்கிறது. உடம்பால் எதையாவது கற்றுக்கொள்ளும் இடம் குறைந்துகொண்டே போகிறது. சிலம்ப வகுப்பில் ஒரு கட்டம் வரும். இரண்டு பேர் நேருக்கு நேர் நிற்பார்கள். ஒருவர் வீசுவார், மற்றவர் தடுப்பார். தடுப்பு தவறிப்போனால், வீசுகிறவர் தன் கம்பை எதிரே நிற்பவரின் காதோரத்தில் நிறுத்தியாக வேண்டும். முழு வேகத்தில் வந்த கம்பை நிறுத்துவது அடிப்பதைவிடக் கஷ்டம், மாதக்கணக்கில் பழக வேண்டும். அந்த மாதங்களில் பிள்ளைக்கு என்ன நடக்கிறதோ அதற்காகத்தான் இந்தப் பயிற்சி. கம்பு வரும்போது கண்ணை மூடாமல் பார்க்கிறது. கோபம் வந்தாலும் கை சொன்ன பேச்சைக் கேட்கிறது. தன் கவனக்குறைவால் இன்னொரு பிள்ளையின் விரல் வீங்கினால், போய் மன்னிப்புக் கேட்கிறது. இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக் கொடுக்க முடியாது.

அப்படியென்றால் தற்காப்புக்கு உதவாதா? எல்லா நோட்டீஸிலும் அப்படித்தானே போடுகிறார்கள்?

போடுகிறார்கள், ஆள் சேர்க்க அது சுலபமான வழி. ஆனால் என்னைக் கேட்டால், சொல்லப்படுகிற காரணங்களிலேயே பலவீனமான காரணம் அதுதான். கொழும்புக்கு வேலைக்குப் போகிற பிள்ளை ஐந்தரை அடிக் கம்போடு பஸ்ஸில் ஏற முடியுமா? எதிரே இரண்டு பேர் நின்றாலோ ஒருவன் கையில் கத்தி இருந்தாலோ, நன்றாகப் பழகியவர் செய்கிற முதல் வேலை ஓடுவதுதான்.

ஆனாலும் ஒன்றும் உதவாது என்று சொல்லிவிட முடியாது. தூரத்தைக் கணக்கிடுவது, ஒருவர் நெருங்கி வரும்போது அவருடைய தோளைப் பார்ப்பது, நிலை தடுமாறாமல் பின்வாங்குவது, வாய்விட்டுச் சத்தம் போடுவது இதெல்லாம் கம்பு இல்லாவிட்டாலும் கூடவே வரும். 2015இல் கனடாவில் ஒரு ஆய்வு வெளியானது. மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகள் ஏறத்தாழ 900 பேர் அதில் பங்கெடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பன்னிரண்டு மணிநேரப் பயிற்சி கொடுக்கப்பட்டது. ஆபத்தை முன்கூட்டியே அடையாளம் காண்பது, தெரிந்தவர் என்றாலும் தயங்காமல் மறுப்பது, தேவைப்பட்டால் உடலால் எதிர்ப்பது, இவைதான் பாடம். அடுத்த ஓராண்டில் அவர்களிடையே பாலியல் வல்லுறவு, மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பாதியாக இருந்தது. அந்தப் பாடத்தில் குத்தும் உதையும் ஒரு பகுதிதான். தயக்கத்தை உடைப்பதற்கே அதிக இடம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டையது. தன் உடலையும் பிறர் உடலையும் சொத்தையும் காத்துக்கொள்ளும் உரிமையை அது ஏற்கிறது. ஆனால் காப்பதற்குத் தேவையான அளவை மீறித் தீங்கு செய்ய இடம் தரவில்லை. பொலிஸை நாட அவகாசம் இருந்தபோது கையை நீட்டினாலும் அந்த உரிமையைச் சொல்லித் தப்ப முடியாது. அதனால் நாங்கள் வகுப்பில் காலடியோடு சேர்த்து மூன்று நம்பரையும் மனப்பாடம் செய்ய வைக்கிறோம்: பொலிஸ் அவசர அழைப்பு 119, பெண்களுக்கான உதவி 1938, சிறுவர்களுக்கு 1929.

சிலம்பம் உண்மையிலேயே நம்முடைய கலையா? இந்தியாவிலிருந்து இப்போது வந்த ஃபேஷனா?

இந்தியாவிலிருந்து வந்ததுதான், ஆனால் இப்போது வரவில்லை. 1820களில் தொடங்கி, முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வந்த நம் ஆட்கள் மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கம்பு விளையாட்டு ஊர்த் திருவிழாவோடு ஒட்டியிருந்த மண் அது. இராமேசுவரம் வழியாக மன்னார்க் கரைக்கு வந்து, மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். அந்த வழியில் செத்து விழுந்தவர்கள் ஏராளம். 2023இல், இருநூறு ஆண்டு நிறைவை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து போனவர்கள் மிதித்தது அந்தத் தடத்தைத்தான். மூட்டையில் வைக்க முடியாததெல்லாம் உடம்பில் வந்தது: காமன் கூத்து, தப்படி, கும்மி, கம்பு. மலேசியத் தோட்டங்களுக்குப் போனவர்களும் இப்படியே கொண்டுபோனார்கள். அங்கே இன்று சிலம்பம் போட்டி விளையாட்டாக நிலைத்திருக்கிறது.

இங்கே ஏன் அப்படி நிலைக்கவில்லை? என் கணக்கில் ஒரு பெரிய காரணம், இலங்கையும் இந்தியாவும் 1964ஆம் ஆண்டில் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 1948இல் குடியுரிமை இழந்தவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். ஒரே லயத்தில், அதாவது ஒரே வரிசை வீடுகளில், அண்ணன் கப்பலேறினார், தம்பி இங்கே நின்றார். வாத்தியார் போனால் சிஷ்யர்கள் கலைந்து போவார்கள். எழுதி வைத்த பாடமில்லை, புத்தகத்தைப் பார்த்துத் தொடர்வதற்கு. தோட்டத்தில் யாராவது தாத்தா மூன்று நான்கு வீச்சு தெரிந்து வைத்திருந்தால், அவருக்கு முழுசாகத் தெரியாது என்று ஒதுக்காதீர்கள். போனில் பதிவுசெய்து வையுங்கள்.

ஐயாயிரம் வருடப் பழமை என்று போஸ்டரில் போடுவார்கள். அந்த எண்ணை நான் யாரிடமும் சொல்வதில்லை. இருநூறு வருடம் இந்த மண்ணில் பிழைத்து வந்ததே எனக்குப் போதும்.

கராத்தே நல்லதா, சிலம்பம் நல்லதா?

பக்கத்தில் நல்ல மாஸ்டர் எதற்கு இருக்கிறாரோ அது நல்லது. இதைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கே பிடிப்பதில்லை.

டவுன்களில் கராத்தே வகுப்பு நிறைய இருக்கிறது. படி படியாக நிறப்பட்டி இருப்பதால் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். சிலம்பத்தில் அந்த ஒழுங்கு குறைவு. ஒரு வாத்தியார் காலடியில் தொடங்குவார், இன்னொருவர் முதல் நாளே வீச்சு கொடுப்பார். ஆனால் ஒரு விஷயத்தில் ஜப்பானியர்களிடம் படிக்க வேண்டியது இருக்கிறது. ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ அடிப்படையில் ஒரு கல்வியாளர். 1882இல் அவர் தன் பள்ளியைத் திறந்தபோது சாமுராய்களின் காலம் முடிந்து, பழைய மல்யுத்த முறைகளை நாகரிகமில்லாதவை என்று ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் ஆபத்தான பிடிகளைத் தனியே ஒதுக்கி வைத்தார். விழுவதற்கு முதலில் பழக்கினார். எதிரியைச் சகபயிற்சியாளர் ஆக்கினார். ஒக்கினாவாவைச் சேர்ந்த ஃபுனாகோஷி கிச்சின் 1922இல் டோக்கியோவுக்குக் கொண்டுபோன கராத்தேயும் அதே வழியில்தான் பாடசாலை, பல்கலைக்கழகங்களுக்குள் போனது. ஆக, பழைய கலையை இந்தக் காலத்துக்கு ஏற்ப மாற்றினால் அது செத்துவிடும் என்கிற பயம் தேவையில்லை. எதை மாற்றுவது, எதை விடாமல் வைத்திருப்பது என்று உட்கார்ந்து யோசிக்க ஆள்தான் வேண்டும்.

சிங்களவர்களின் அங்கம்பொரவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது கண்டி இராச்சியக் காலத்தில் செழித்த தனி மரபு. வெறுங்கைச் சண்டை, ஆயுதம், மருத்துவம் எல்லாம் அதில் உண்டு. 1817–18 ஊவா கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் அதை ஒடுக்க, சில குடும்பங்கள் மறைவாகக் காப்பாற்றி வைத்தன. பார்க்கக் கிடைத்தால் போய்ப் பாருங்கள். பக்கத்துக் கிராமத்துப் பையன் அதைப் பழகுகிறான் என்றால் அவனோடு பேச நமக்கு ஒரு விஷயம் கிடைத்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கி வேலை செய்கிறோம். எங்களுக்கு எதற்கு உடற்பயிற்சி?

ஒரு அக்கா இதைக் கேட்டபோது சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரியான கேள்வி.

வேலையில் உடம்பு அசைவதும் பயிற்சியில் அசைவதும் ஒரே பலனைத் தருவதில்லை என்று ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். கொழுந்து எடுக்கும்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இடுப்பு முன்னால் வளைந்திருக்கிறது, கழுத்து குனிந்திருக்கிறது, கூடையின் கயிறு தலையை இழுக்கிறது, கால் சரிவில் ஒரு பக்கமாக ஊன்றியிருக்கிறது, விரல்கள் ஆயிரக்கணக்கான தடவை ஒரே அசைவைச் செய்கின்றன. களைத்தால் நிறுத்த முடியாது, நிறை குறைந்தால் பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், முழுசாக விழாது. பயிற்சியில் இதற்கு நேர்மாறு. நிமிர்ந்து நிற்கிறோம், தோள் பின்னால் விரிகிறது, வலக்கை செய்ததை இடக்கையும் செய்கிறது, மூச்சு வாங்கினால் உட்காரலாம். கம்பைத் தலைக்கு மேலே சுற்றுகிற எளிய சுற்றுக்கூட, நாள் முழுக்க முன்னால் மடங்கியிருந்த தோளுக்கு ஒரு மாற்று.

வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலசைவு வேண்டும், ஐந்து வயது முதல் பதினேழு வரையான பிள்ளைகளுக்கு நாளுக்கு 60 நிமிடம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கொழுந்து எடுக்கிறவர்களுக்கு நிமிடக் கணக்கில் குறையே இல்லை. குறைவது உடம்பை எதிர்த்திசையில் திருப்புகிற நேரம்தான். ஆனால் ஒன்று, ஏற்கெனவே முதுகுவலி, முழங்கால் வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். கம்பு வைத்தியம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். விடியற்காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய், பின்னேரம் வந்து சமைத்து, தண்ணீர் தூக்கி, பிள்ளையைப் பார்க்கிற அம்மாவிடம் ‘உங்களுக்காக ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள்’ என்று சொல்வது எங்களுக்குச் சுலபம். அந்த ஒரு மணிநேரம் சமையலைப் பார்க்க வீட்டில் ஆண்கள் தயாராக இல்லாவிட்டால் அது வெறும் பேச்சு.

பெண் பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். எங்கள் வகுப்பில் நன்றாகக் கம்பு சுற்றுகிறவர்களில் பலர் பெண் பிள்ளைகள்தான். தொளதொளப்பான காற்சட்டை போதும், மாதவிடாய் நாட்களில் வருவதும் வராததும் அவர்கள் இஷ்டம். வயதுக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள் அந்த முடிவைப் பிள்ளையையும் கேட்டு எடுங்கள். ஒரு நிபந்தனை மட்டும் எல்லா வகுப்புக்கும் பொருந்தும்: தனியறையில், தனியாளாக, மூடிய கதவுக்குப் பின்னால் எந்தப் பயிற்சியும் நடக்கக் கூடாது. எவ்வளவு பெரிய ஆசான் என்றாலும் சரி. எப்போது வேண்டுமானாலும் பெற்றோர் வந்து பார்க்க முடிய வேண்டும்.

படிப்பு கெடாதா?

வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு ஒன்றரை மணிநேரம். சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதம் வராமல் இருந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். இதனால் மார்க்ஸ் கூடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

திருவிழாவில் குடித்துவிட்டுக் கம்பு சுற்றுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறோம். என் பிள்ளையும் ரௌடியாகிவிடுமா?

இந்தப் பெயர் எங்களுக்கு நாங்களே வாங்கிக் கொடுத்தது. கரகம் பாலிக்க, அதாவது திருவிழாக் கரகத்தை அலங்கரித்து எடுத்து வர, போகும்போதும் தேர் இழுக்கும்போதும் தப்பு மேளச் சத்தம் ஏற ஏற, சாராயமும் ஏறி, பழகாதவரும் கம்பை வாங்கிச் சுற்றுவார். அப்புறம் பழைய தகராறு ஒன்று ஞாபகத்துக்கு வரும். பெற்றோர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. எங்கள் வகுப்பில், குடித்துவிட்டு வந்தவர் கம்பைத் தொட முடியாது. மாஸ்டரின் சொந்தக்காரர் என்றாலும் முடியாது. சேர்ப்பதற்கு முன், நீங்கள் பார்க்கிற வகுப்பில் இந்த விதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

தப்பு அடிப்பவர்களையும் சிலம்பத்தோடு ஏன் சேர்க்கிறீர்கள்?

யாரும் இதை நேராகக் கேட்பதில்லை. ‘மியூசிக் போட்டால் போதாதா’ என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். நேராகவே பதில் சொல்கிறேன். தப்பின் அடி மாறும்போதுதான் ஆட்டக்காரரின் காலடி மாறுகிறது. வேகம் கூட்டுவதும் நிறுத்துவதும் அந்தத் தோலில் இருக்கிறது. கம்பு பழக ஆசைப்பட்டு, தப்பு அடிக்கிற குடும்பத்தைப் பந்திக்கு வெளியே நிறுத்துகிற பழக்கம் நம் தோட்டங்களில் இன்னும் முழுசாகப் போகவில்லை. எங்கள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் தப்பு அடிக்கப் பழக வேண்டும். அதற்காகச் சிலர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். நிறுத்தட்டும்.

வர்மம் சொல்லித் தருவீர்களா?

இல்லை. ஒரு தட்டுத் தட்டினால் ஆறு மாதத்தில் ஆள் செத்துப்போவான் என்கிற கதைகளை நான் நம்புவதில்லை. தொண்டை, கண், பொட்டு, விதை இந்த இடங்களில் அடிபட்டால் ஆபத்து என்பதற்கு ரகசிய ஓலை தேவையில்லை. அடிபட்டவரைத் தடவி எடுக்கிற வைத்திய மரபுக்கு மரியாதை உண்டு. ஆனால் எலும்பு முறிந்தது போலவோ தலையில் பலமாகப் பட்டது போலவோ தெரிந்தால், எண்ணெய் போட்டு நேரம் கடத்தாமல் 1990க்குப் போன் பண்ணி அம்பியுலன்ஸைக் கூப்பிடுங்கள்.

எந்த வயதில் தொடங்கலாம்? என்ன கம்பு வாங்க வேண்டும்? மழையில் எங்கே பழகுவது?

ஏழெட்டு வயதில் காலடி தொடங்கலாம். முதல் சில வாரம் கம்பே வேண்டாம், வணக்கமும் காலடியும்தான். கம்பின் உயரம் பிள்ளையின் நெற்றிப்பொட்டு வரை இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய ஐந்தரை அடி வரும். நேராக முற்றிய மூங்கிலோ பிரம்போ எடுத்து, கணுவைச் சீவி, எண்ணெய் பூசி நிழலில் உலர்த்துங்கள். நம் ஊர் ஈரத்தில் அடுப்படிப் பரணில் வைத்தால் பூஞ்சை பிடிக்காது. வெடிப்பு விழுந்த கம்பை அன்றே ஒடித்துப் போடுங்கள், சிலாம்பு கண்ணில் தெறிக்கும். ஜோடிப் பயிற்சிக்குத் தலைக்கவசமும் கையுறையும் வேண்டும். காசில்லாதவர்களுக்காக வகுப்பில் பொதுவாக நாலைந்து வைத்திருப்பது நல்லது.

மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை அட்டன், நோர்வூட் பக்கம் மைதானத்தை நம்ப முடியாது. கொழுந்து நிறுக்கிற மடுவம், பாடசாலை மண்டபம், கோயில் மண்டபம் இவற்றில் ஒன்றை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கூரை தாழ்வாக இருந்தால் அந்த மாதங்களில் வெறுங்கையால் செய்கிற குத்துவரிசையும் காலடியும் பழகலாம். மைதானத்தில் நின்றால் இரத்தம் குடிக்கிற அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ கையில் இருக்கட்டும்.

சான்றிதழ் கிடைக்குமா? அதனால் வேலை கிடைக்குமா?

தமிழ்நாட்டில், அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்திருக்கிறார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் அது செயல்விளக்க விளையாட்டாகவும் இடம்பெற்றது. அந்தச் செய்திகளைக் காட்டி இங்கே காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது அங்கத்தைய ஒதுக்கீடு, நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. பாடசாலை விளையாட்டாக ஏற்கப்படும் சான்றிதழ் எது என்பதை, பணம் கட்டுவதற்கு முன் வலயக் கல்விப் பணிமனையில் உடற்கல்விக்குப் பொறுப்பானவரிடம் கேளுங்கள்.

‘உலக சாதனை’ என்று சொல்லி, நூறு பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, ஆளுக்கு இத்தனை ரூபா வாங்கி, பளபளப்பான அட்டையும் மெடலும் கொடுக்கிற நிகழ்ச்சிகளுக்கு எங்கள் பிள்ளைகளை அனுப்புவதில்லை. அந்தக் காசில் ஒரு வகுப்புக்கே தலைக்கவசம் வாங்கலாம்.

திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பையன்களை மட்டும் அவசரமாகப் பழக்கிவிட முடியுமா?

கோயில் கமிட்டியிலிருந்து வருடா வருடம் வரும் கேள்வி. முடியும், ஓரளவுக்கு. வணக்கம், இரண்டு காலடி, ஒரு தலைச்சுற்று, வரிசையாக நடந்துகொண்டே வீசுவது, இவ்வளவும் மூன்று வாரத்தில் வரும். ஊர்வலத்தில் பார்க்க அழகாகவே இருக்கும். ஜோடியாக மோதுகிற ஆட்டம் மட்டும் வேண்டாம்.

தீப்பந்தம் கேட்டால் முடியாது என்பதே பதில். ஒரு வருடமாவது வெறுங்கம்பு சுற்றியவருக்குத்தான் அதைக் கொடுப்போம். கொடுக்கிற நாளிலும் மண்ணெண்ணெயில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி, இரண்டு பக்கமும் ஈரச் சாக்கோடு நிற்க ஆள், பார்வையாளர்களுக்கும் ஆட்டக்காரருக்கும் இடையில் கயிறு, இத்தனையும் இருக்க வேண்டும். பெட்ரோல் கூடவே கூடாது. கமிட்டி எடுத்துத் தருகிற மினுமினுப்பான பொலியெஸ்டர் ஜெர்சியும் வேண்டாம். பருத்தி உடுப்பு போட்டால்தான் ஆட விடுவோம்.